டெல்லி தாமரைக் கோயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமரைக் கோயில் எந்த மதத்திற்கு உரியது?

தெற்கு டெல்லியில் கால்காஜி அம்மன் கோயிலுக்கு அருகில், பஹாப்பூர் என்ற பழைய கிராமத்து நிலத்தில் நிற்கும் இக்கட்டடம் பஹாய் சமயத்தாரின் வழிபாட்டு இல்லம். வடிவத்தைக் கண்டு இதை இந்துக் கோயில் என்றும், எல்லா மதத்தாரும் உள்ளே வருவதைக் கண்டு அரசு கட்டிய சமய நல்லிணக்க மண்டபம் என்றும் நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் சரியல்ல. 1844இல் பாரசீகத்தில் பாப் என்பவரின் அறிவிப்போடு தொடங்கி, தெஹ்ரானில் பிறந்த பஹாவுல்லா (1817–1892) நிறுவிய சமயம் இது. கடவுள் ஒருவரே, பெருஞ்சமயங்கள் யாவும் அவரிடமிருந்து காலந்தோறும் வெளிப்பட்டவையே, மனித குலம் ஒன்றே என்பவை இதன் அடிப்படைகள். இச்சமயத்தில் பூசாரியோ குருமாரோ கிடையாது. சமூக நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவைகள் நடத்துகின்றன.

ஒரு சமயத்தார் கட்டியதை எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான இடம் என்று எப்படிச் சொல்வது?

பஹாய் வழிபாட்டு இல்லத்தின் சட்டமே அதை அப்படி ஆக்கியிருக்கிறது. எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும், சமயமே இல்லாதவரும் உள்ளே வரலாம், அமரலாம், தம் வழக்கப்படி மனத்துக்குள் வழிபடலாம். வழிபாட்டு வேளைகளில் பஹாய் நூல்களோடு பிற சமயங்களின் திருநூல்களிலிருந்தும் பகுதிகள் ஓதப்படுகின்றன. கீதையும் குர்ஆனும் விவிலியமும் ஒரே மண்டபத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கக்கூடியவை.

ஆனால் "பல்சமய மையம்" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனத்தோடு பயன்படுத்த வேண்டும் என்று தோன்றுகிறது. பல சமயங்கள் கூடிப் பேசி, ஆளுக்கு ஒரு பங்கு இடம் பெற்று உருவாக்கிய கூட்டு அமைப்பு அல்ல இது. ஒரு சமயம் தன் கொள்கையின்படியே தன் வீட்டைக் காலியாக வைத்து, கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. இங்கே எந்தச் சமயத்தாரும் தம் சடங்கை நடத்த முடியாது, பஹாய்களும் நடத்துவதில்லை. எல்லாருக்கும் ஒரே அளவான அனுமதியும் ஒரே அளவான தடையும்தான் இங்குள்ள சமத்துவம்.

உள்ளே என்ன இருக்கிறது?

வரிசை வரிசையாக இருக்கைகள், வெள்ளைத் தரை, மேலே ஒளி விடும் விதானம். இவற்றைத் தாண்டித் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சிலை இல்லை, படம் இல்லை, பலிபீடம் இல்லை, நிலையான பிரசங்க மேடையும் இல்லை. ஓதுபவர் வேண்டுமானால் எடுத்து நகர்த்தக்கூடிய சாய்மேசை ஒன்றின் பின் நின்று ஓதலாம். சொற்பொழிவு நிகழ்த்தக் கூடாது. இசைக்கருவி எதையும் வாசிக்கக் கூடாது. மனிதக் குரல் மட்டும் பாடலாம். தீபம், தீர்த்தம், பிரசாதம், காணிக்கை உண்டியல் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுக் கோயிலுக்குச் சென்று பழகியவர்களுக்கு இது முதலில் திகைப்பைத் தரும். நம் கோயிலில் கோபுரம் அழைக்கிறது, மணி ஒலிக்கிறது, கற்பூரம் மணக்கிறது, இறுதியில் கருவறை இருளில் ஒரு முகம் தெரிகிறது. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மனத்தை ஒரு புள்ளிக்குக் கொண்டுசெல்கிறது. இங்கே அந்த உதவிகள் அத்தனையும் விலக்கப்பட்டுவிட்டன. எனவே மனத்தை அமைதிப்படுத்தும் முழுப் பொறுப்பும் சுவர், வளைவு, வெளிச்சம், காற்று, எதிரொலி ஆகியவற்றின் தலையில் விழுகிறது. இந்தக் கட்டடம் ஏன் இவ்வளவு அசாதாரணமாக இருக்க வேண்டியிருந்தது என்ற கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. சமயச் சட்டம் உள்ளே எதையும் வைக்க விடாதபோது, கட்டடமே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிறது. கருவி இல்லாமல் ஒற்றைக் குரல் எழும் வேளையில் உள்ளே இருக்க வாய்த்தவர்களுக்கு இது விளக்கமின்றியே புரியும்: குரல் மேலே சென்று நெடுநேரம் சுழன்றே அடங்குகிறது.

எல்லாம் ஒன்பது ஒன்பதாக இருப்பது ஏன்?

வழிபாட்டு இல்லம் ஒன்பது பக்கங்கள் கொண்டதாக, வட்டத்தைத் தழுவியதாக இருக்க வேண்டும் என்பது பஹாய் விதி. ஒற்றை இலக்க எண்களில் பெரியது ஒன்பது என்பதால் அது முழுமையைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு தரும் முறையில் "பஹா" என்ற பெயரின் கூட்டுத்தொகையும் ஒன்பதே. டெல்லியில் ஒன்பது பக்கங்கள், ஒன்பது வாயில்கள், சுற்றிலும் ஒன்பது குளங்கள், மும்மூன்றாக ஒன்பது தொகுதிகளில் 27 இதழ்கள். தனித்த முகப்பு என்று ஒன்று இல்லாததும் இதன் விளைவுதான். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதே கட்டடம், அதே வாயில்.

வடிவமைத்தவர் யார்? தாமரையை ஏன் தேர்ந்தெடுத்தார்?

ஈரானில் 1948இல் பிறந்த ஃபரிபோர்ஸ் சஹ்பா. 1976இல் இப்பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் இந்தியா முழுவதும் பயணம் செய்து பலவகைக் கோயில்களையும் கட்டடங்களையும் பார்த்தார். இந்தியரின் மனத்துக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும், ஏதேனும் ஒரு சமயத்தின் கோயிலைப் போலவும் தோன்றிவிடக் கூடாது என்ற இரட்டைச் சிக்கல் அவர் முன் இருந்தது. இந்து, பௌத்த, சமண மரபுகளில் மட்டுமல்லாமல், முகலாயர் காலக் கட்டடங்களின் அலங்காரத்திலும் இடம்பெற்ற தாமரை அந்தச் சிக்கலை அவிழ்த்தது. பின்னாளில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பாப் அடக்கத் தலத்தைச் சூழ்ந்துள்ள படித்தோட்டங்களை வடிவமைத்தவரும் இவரே.

தாமரையைச் செதுக்கிய கட்டடங்கள் நம் நாட்டில் ஏராளம். பீடமாக, விதானமாக, தூணின் தலைப்பாக அது எங்கும் இருக்கிறது. கட்டடமே தாமரையாக இருப்பது வேறு துணிச்சல். பூவை அப்படியே பெரிதாக்கி நிறுத்துவது கட்டடக்கலையின் எளிய வழி என்று குறை சொல்பவர்கள் உண்டு. நேரடியான உருவகம் விரைவில் பொருட்காட்சி மண்டபம்போல ஆகிவிடும் என்ற அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. வெளியிலிருந்து மட்டும் பார்த்தால் நானும் அதில் பாதியை ஒப்புக்கொள்வேன். உள்ளே நுழைந்து மேலே பார்த்தால் பூ மறைந்துவிடுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்து எழும் விலாவளைவுகள்தான் தெரிகின்றன, அவை எதையும் போல இல்லை.

27 இதழ்கள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன?

மூன்று வளையங்களாக. வெளி வளையத்தின் ஒன்பது இதழ்கள் வெளிநோக்கி விரிந்து வாயில்களின் மேல் கூரையாகின்றன. அடுத்த ஒன்பது உள்நோக்கிச் சாய்ந்து, முதல் ஒன்பதோடு சேர்ந்து வெளிச்சுற்றுக் கூடத்தை மூடுகின்றன. மூன்றாவது ஒன்பது இதழ்கள் பாதி மலர்ந்த மொட்டைப்போல் மேலெழுந்து நடு மண்டபத்தைச் சூழ்கின்றன. நுனிகள் மட்டுமே பிரிந்து நிற்கும். மண்டபத்தின் உயரம் 34 மீட்டருக்குச் சற்று அதிகம். இருக்கைகள் சுமார் 1,300. தேவைப்பட்டால் 2,500 பேர்வரை அமரலாம்.

மொட்டின் நுனி திறந்திருப்பதால் மழை உள்ளே விழுமே என்ற ஐயம் இயல்பானது. இதழ்கள் பிரியத் தொடங்கும் மட்டத்தில் ஒன்பது விட்டங்கள் ஆரங்களைப்போல் நடுவை நோக்கிச் செல்கின்றன. அவை இதழ்களைப் பக்கவாட்டில் சாயாமல் தாங்குகின்றன. அதே மட்டத்தில் கண்ணாடியும் எஃகும் கொண்ட கூரை போடப்பட்டிருக்கிறது. பகலில் உள்ளே பரவும் வெளிச்சம் அந்தக் கண்ணாடி வழியே மேலிருந்து இறங்குவது. மூன்றாம் வளையத்துக்குள் மற்றொரு குவிமாடம் இருக்கிறது: குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய விலாவளைவுகளும் அவற்றிடையே மெல்லிய கான்கிரீட் ஓடுகளும் சேர்ந்தது. ஆரவிட்டங்கள் கூடும் மையம் அந்தக் குவிமாடத்தின் உச்சியில் அமர்கிறது. இரண்டுக்கும் இடையே நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் மெத்தை வைத்திருக்கிறார்கள். டெல்லி வெயிலில் கான்கிரீட் விரிந்தாலும், குளிரில் சுருங்கினாலும், காற்று தள்ளினாலும் ஒன்று மற்றொன்றைப் பிளக்காமல் நகர்ந்துகொள்ள அது இடம் தருகிறது.

இத்தனை வளைவுகளைக் கட்டியது எப்படி?

இங்கேதான் இக்கட்டடத்தின் உண்மையான வியப்பு இருக்கிறது என்பது என் கருத்து. அதன் அழகைப் பற்றிப் பேசுபவர்கள் ஆயிரம் பேர். அதைக் கட்டியவர்களைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

இதழ்களில் நேர்கோடு என்று ஒன்று இல்லை. ஓவியனின் கை வரைந்த வளைவை மேஸ்திரி கட்ட முடியாது. அவருக்கு அளவு வேண்டும். லண்டனின் பிளின்ட் அண்ட் நீல் நிறுவனப் பொறியாளர்கள் ஒவ்வொரு பரப்பையும் கோளம், உருளை, கூம்பு, வளையம் போன்ற கணித வடிவங்களின் துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் அளவு கொடுத்தார்கள். சிட்னி இசை அரங்கத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். அங்கே எல்லா ஓடுகளும் ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுத்தவையாக எளிமையாக்கப்பட்டு, முன்பே வார்த்த துண்டுகளாகக் கொண்டுவந்து பொருத்தப்பட்டன. டெல்லியில் பல வடிவங்கள் கலந்திருக்கின்றன, இதழ்கள் இருக்கும் இடத்திலேயே வார்க்கப்பட்டன.

கட்டும் பொறுப்பை ஏற்றது எல் அண்ட் டி நிறுவனத்தின் கட்டுமானப் பிரிவான இ.சி.சி. அதன் தலைமையிடம் சென்னை. 1977 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1980இல் கட்டுமானம் தொடங்கியது. சிமென்ட் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதால் கொரியாவிலிருந்து வரவழைத்தார்கள். ஜல்லி ஆல்வார் பகுதியின் டோலமைட், மணல் ஜெய்ப்பூர்ப் பக்கத்தின் வெண்சிலிக்கா. சாதாரணக் கம்பி துருப்பிடித்தால் வெள்ளைக் கான்கிரீட்டில் கறை வடியும் என்பதால் கம்பிகளுக்குத் துத்தநாக முலாம் பூசினார்கள்.

ஓர் இதழைப் பகுதி பகுதியாக வார்த்தால், நேற்று இறுகியதும் இன்று கொட்டியதும் சேரும் இடத்தில் கோடு விழும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு இதழையும் இடைவிடாமல், ஏறத்தாழ 48 மணி நேரம், இரவும் பகலும் வார்த்தார்கள். டெல்லிக் கோடையில் கலவை சூடேறினால் விரிசல் காணும். எனவே ஜல்லியைக் குளிரூட்டிய கிடங்கில் வைத்து, தண்ணீரோடு அளந்து பனிக்கட்டி சேர்த்து, கலவையின் வெப்பத்தை 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் காத்தார்கள். கணினியில் கணக்கிட்ட இந்த வளைவுகளுக்குக் கலவையை மேலே கொண்டுசென்றவர்கள் சித்தாள் பெண்கள். கூடைகளைத் தலையில் சுமந்து, சாரத்தின் படிகளில் ஏறி, வரிசையாக. படங்களில் மிகுதியாகத் தெரிவது பூ. அந்த வரிசை அவற்றில் தெரிவதில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

முழுக் கட்டடமும் சலவைக்கல்லா?

இல்லை. எடையைத் தாங்குவது கான்கிரீட். சலவைக்கல் அதன்மேல் போர்த்திய உடை. கிரேக்க நாட்டின் பென்டெலி மலையிலிருந்து வெட்டியெடுத்த வெள்ளைக் கல் அது. ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலுக்கு உதவியதும் அந்த மலைதான். கல் இத்தாலிக்குச் சென்று, வரைபடத்தின்படி ஒவ்வொரு பலகையும் தனித்தனி அளவில் அறுக்கப்பட்டு டெல்லிக்கு வந்தது. துருப்பிடிக்காத எஃகுப் பிடிகளால் அவற்றைக் கான்கிரீட்டோடு பொருத்தியிருக்கிறார்கள். மக்ரானா சலவைக்கல் சுரங்கம் பக்கத்து ராஜஸ்தானிலேயே இருக்கும்போது கிரேக்கத்துக்கு ஏன் போனார்கள் என்று கேட்பவர்கள் உண்டு; கேள்வி நியாயமானதுதான்.

சுற்றியுள்ள குளங்கள் அழகுக்கு மட்டுமா?

பூ நீரில் மிதப்பதுபோல் தோன்றச் செய்வது அவற்றின் ஒரு வேலை. இன்னொரு வேலை மண்டபத்தைக் குளிரவைப்பது. நீர்ப்பரப்பின் மேல் தவழ்ந்து வரும் காற்று அடித்தளத்தின் திறப்புகள் வழியே நுழைந்து, மண்டபத்துக்குள் எழுந்து, சூடானபின் உச்சியின் திறப்பு வழியே வெளியேறும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சிறிய மாதிரி ஒன்றை வைத்துப் புகைவிட்டுச் சோதித்த பிறகே இந்த ஏற்பாட்டை முடிவு செய்தார்கள். முற்றத்துத் தொட்டியின் ஈரக்காற்று கூடத்துக்குள் வரும்படி கட்டிய பழைய வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்த அறிவியல் புதிதல்ல. காற்றின் ஓட்டத்துக்குத் துணையாக விசிறிகளும் உண்டு. பிற்காலத்தில் மேற்கூரைப் பகுதிகளில் சூரிய மின்தகடுகளையும் நிறுவினார்கள். மொத்தத் தேவையான 500 கிலோவாட்டில் 120 கிலோவாட் அவற்றிலிருந்து கிடைக்கிறது.

நிலமும் பணமும் எங்கிருந்து வந்தன?

26 ஏக்கர் நிலம் 1953இல் வாங்கப்பட்டது. அதன் விலையில் பெரும்பகுதி, சிந்து மாகாணத்தின் ஹைதராபாத்தைச் சேர்ந்த அர்தஷிர் ருஸ்தம்பூர் என்பவர் தம் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் இதற்கென உயில் எழுதி வைத்ததால் கிடைத்தது. அதன்பின் கட்டடம் எழுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பஹாய் நிதிகளுக்கு பஹாய் அல்லாதவர்களிடம் நன்கொடை பெறுவதில்லை என்பது அவர்களின் பொது விதி. ஆகவே பார்வையாளரிடம் கட்டணமும் இல்லை, காணிக்கையும் இல்லை. பணம் தரவே முடியாத ஒரு புகழ்பெற்ற வழிபாட்டிடம் என்பது நம் நாட்டில் அபூர்வமான அனுபவம்.

எப்போது திறக்கப்பட்டது?

1986 டிசம்பர் 24 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. பொதுமக்களுக்கு 1987 ஜனவரி 1 முதல்.

அமெரிக்காவில் ஒரு தமிழ்ச் சாமியார் கட்டிய தாமரைக் கோயிலும் இதுவும் ஒன்றா?

இல்லை, ஆனால் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்து, சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று, இலங்கையில் பல ஆண்டுகள் பணியாற்றி, 1966இல் அமெரிக்கா சென்றவர் சுவாமி சச்சிதானந்தர். 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்கத்தில் பேசியவர் என்று பலர் அவரை அறிவார்கள். அவர் வர்ஜீனியா மாநிலத்தில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் அமைத்த யோகாவில் ஆசிரமத்தில், தாமரை வடிவிலான பல்சமயக் கோயில் ஒன்று 1986 ஜூலையில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு, அதே மலர், எல்லாச் சமயத்தாருக்கும் இடம் என்ற அதே நோக்கம்.

உள்ளே சென்றால் இரண்டும் எதிரெதிர் விடைகள். யோகாவில் கோயிலின் நடுவே ஓர் ஒளித்தூண் எழுந்து பன்னிரண்டு கதிர்களாகப் பிரிந்து பன்னிரண்டு பீடங்களுக்கு இறங்குகிறது. பத்துப் பீடங்கள் இந்து, பௌத்தம், கிறித்தவம், இஸ்லாம், யூதம், சீக்கியம், தாவோ, ஷிண்டோ, ஆப்பிரிக்கச் சமயங்கள், அமெரிக்கப் பழங்குடிச் சமயங்கள் ஆகியவற்றுக்கு. ஒன்று அறியப்பட்ட பிற சமயங்களுக்கு. கடைசி ஒன்று இன்னும் அறியப்படாதவற்றுக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு பீடம் கொடுப்பது கோவைக்காரரின் வழி, யாருக்கும் பீடம் வைக்காதது பஹாய் வழி. பட்டியல் போட்டால் யாரோ விடுபடுவார்கள் என்ற சிக்கலைப் பன்னிரண்டாவது பீடத்தால் தீர்த்த அவரது சமயோசிதம் எனக்குப் பிடிக்கும். ஆயினும் அமைதியாக உட்கார டெல்லியின் வெறுமையே எளிதாக இருக்கிறது. அங்கே என் கண் எந்த அடையாளத்தையும் தேடி அலைவதில்லை.

பிற நாடுகளிலும் இத்தகைய பஹாய் இல்லங்கள் உண்டா?

உண்டு. முதலாவது இன்றைய துர்க்மெனிஸ்தானின் அஷ்காபாத்தில் எழுந்தது. நிலநடுக்கத்தில் சேதமடைந்து, 1963இல் இடிக்கப்பட்டது. இப்போது நிற்பவற்றில் பழையது சிகாகோ அருகே வில்மெட்டில் 1953இல் அர்ப்பணிக்கப்பட்டது. கம்பாலா, சிட்னி, பிராங்பர்ட், பனாமா, சமோவா ஆகிய இடங்களில் உள்ளவை டெல்லிக்கு முந்தியவை. சிலியின் சாந்தியாகோவில் 2016இல் திறக்கப்பட்டது பிந்தியது. ஒன்பது பக்கம் என்பதைத் தவிர ஒன்றுக்கொன்று சாயலே இல்லை.

யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா?

இன்னும் இல்லை. இந்தியா அனுப்பிய உத்தேசப் பட்டியலில் 2014 முதல் இடம்பெற்றுள்ளது.

செல்பவர்கள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

திங்கட்கிழமை விடுமுறை. கால்காஜி மந்திர் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். வயலட், மெஜந்தா ஆகிய இரு தடங்களும் அங்கே சந்திக்கின்றன. காலணிகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். கோடை நண்பகலில் கல்தளம் காலைச் சுடும் என்பதால் காலையோ மாலையோ செல்வது நல்லது. வாயிலில் தன்னார்வலர்கள் மக்களைக் குழுக்களாக நிறுத்தி, விதிகளைச் சுருக்கமாகச் சொல்லி, உள்ளே அனுப்புவார்கள். மண்டபத்தில் பேசவும் படம் எடுக்கவும் அனுமதியில்லை, தோட்டத்தில் தடையில்லை.

பலர் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, உள்ளே இரண்டு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒன்றுமே இல்லையே" என்று வெளியேறிவிடுகிறார்கள். நாளில் சில வேளைகளில் நடக்கும் ஓதுதல் எப்போது என்று வாயிலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குச் சற்று முன்பே உள்ளே போய் அமர்வது நல்லது. சிறு குழந்தைகளோடு செல்பவர்கள் வாயிலுக்கு அருகான இருக்கையைத் தேர்ந்துகொண்டால், குழந்தை அழத் தொடங்கியதும் எளிதாக வெளியே வந்துவிடலாம். அந்த எதிரொலியில் ஒரு சிணுங்கல்கூட மண்டபம் முழுவதும் கேட்கும்.